ஆசை என்ற சொல்லுக்கு அனுமதி கேட்ட நாள்

"சேர், உங்கட சேவையில ஆகக் கஷ்டமான வழக்கு எது?"

கண்டியில் புதிதாக நியமனம் பெற்ற நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஒரு நாள் பயிற்சி வைத்தார்கள். ஓய்வுபெற்றவன் என்ற முறையில் என்னையும் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். தேநீர் இடைவேளையில் ஒரு பெண் இப்படிக் கேட்டதும் மற்றவர்களும் கதிரைகளை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். கொலை, ஆள்கடத்தல் என்று ஏதோ வரும் என எதிர்பார்த்திருப்பார்கள்.

"அது வழக்கே இல்லை, ஒரு பரீட்சை. மனிதனுக்கு மகிழ்ச்சி எங்கே கிடைக்கும் என்பதுதான் விசாரணை," என்றேன்.

பகிடி என்று நினைத்துச் சிரித்தார்கள். அதற்குள் மணியடித்துவிட்டது. அங்கே சொல்லி முடிக்காததை இங்கே எழுதுகிறேன். வென்ற கதையைச் சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை. இந்த வயதில் வெட்கப்பட்டு என்ன ஆகப் போகிறது?

நான் கட்டுகஸ்தோட்டைக்காரன். வாப்பாவுக்குப் புடவைக் கடை. சிங்களம், தமிழ், கொஞ்சம் ஆங்கிலம் மூன்றையும் கடை மேசைக்குப் பின்னால் நின்றே படித்தேன். பரீட்சை எழுதினேன், தெரிவானேன், நீதிமன்றத்தில் சேர்ந்தேன். எங்களை அங்கே 'முதலியார்' என்பார்கள். அது சாதிப் பெயர் அல்ல. நீதிமன்ற மொழிபெயர்ப்பாளருக்குப் பழைய காலத்திலிருந்தே ஒட்டிக்கொண்ட பதவிப் பெயர். சாவகச்சேரியில் பிறந்த தமிழ்ப் பெண்மணியும் முதலியார்தான், கட்டுகஸ்தோட்டை நஸீராகிய நானும் முதலியார்தான்.

சாவகச்சேரிப் பெண்மணி என்றது பரமேஸ்வரி மிஸ்ஸை. எங்கள் தலைமை மொழிபெயர்ப்பாளர் அவர். நான் சேர்ந்தபோது அவருக்கு ஐம்பது தாண்டியிருக்கும். வெளிர்நிறச் சேலை, கையில் ஒரு தட்டைப் பென்சில், பழைய நாட்குறிப்புத் தாள்களைக் கிழித்துச் செய்த துண்டுக் கடதாசிகள். நான் சாட்சிக் கூண்டருகே நின்று மொழிபெயர்க்கும்போது அவர் பின்னால் உட்கார்ந்து எழுதிக்கொண்டே இருப்பார். ஒரு துண்டில் ஒரே ஒரு சொல். அமர்வு முடிந்ததும் அந்தத் துண்டுகளை மேசையில் கடுதாசிச் சீட்டுப் போலப் பரப்புவார். தேயிலைத் தண்ணீரை ஒரு மிடறு குடிப்பார். பிறகு ஒவ்வொரு துண்டாக விரலால் என் பக்கம் தள்ளுவார். ஒருநாளும் சத்தம் போட்டதில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

சேர்ந்து மூன்றாம் மாதம். பன்விலப் பக்கத் தேயிலைத் தோட்டத்துப் பெண்ணொருத்தி சாட்சி சொன்னார். ஏன் அன்றைக்கே பொலிஸுக்குப் போகவில்லை என்று கேட்டதற்கு, "மனசு சரியில்லைங்க," என்றார். நான் அதைச் சிங்களத்தில், மனநிலை சரியில்லாமல் இருந்ததாகச் சொல்லிவிட்டேன். நீதவான் பேனாவை எடுத்தார், அந்தப் பெண்ணை வைத்தியரிடம் காட்டச் சொல்லி உத்தரவு எழுத. அப்போதுதான் முதல் தடவையாகப் பரமேஸ்வரி மிஸ் எழுந்து நின்றதைப் பார்த்தேன்.

"மொழிபெயர்ப்பாளர் அனுமதி கேட்கிறார்," என்றார் சிங்களத்தில். "அந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. சாட்சியிடம் எது என்று கேட்க வேண்டும்."

கேட்டார்கள். வேறொன்றும் இல்லை, கவலையாக இருந்தது என்றார் அந்தப் பெண். அவர் பைத்தியக்காரி ஆகாமல் வீடு போனார்.

பின்னேரம் மேசையில் ஒரே ஒரு துண்டுதான் இருந்தது. "தம்பி, நீர் வடிவாத்தான் சொன்னனீர். வடிவாச் சொல்லுறதுக்கு எங்களுக்குச் சம்பளம் இல்லை," என்றார். "ஒரு சொல்லுக்கு ரெண்டு பாதை இருந்தால், நீர் ஒண்டால போகப்படாது. நிண்டு கேக்கோணும். விளங்குதே?"

"விளங்குது மிஸ்."

"மூளையில்லாதவன் எண்டு நினைப்பினம். நினைக்கட்டும்."

அவரிடம் நான் கற்றதை எழுதப் போனால் புத்தகமாகிவிடும். மற்றதையெல்லாம் விட்டு நேரே அந்தப் பரீட்சைக்கு வருகிறேன்.

நான் ஓய்வுபெற இரண்டு வருடம் இருந்தது. கண்டிக்கு மேலே மலையில் உள்ள ஒரு கத்தோலிக்க இறையியல் கல்லூரியிலிருந்து பதிவாளருக்குக் கடிதம் வந்தது. அங்கே கன்னியாஸ்திரி ஒருவர் உயர்பட்டத்துக்கு ஆய்வு எழுதியிருக்கிறார், விசேஷ அனுமதியோடு, தமிழில். வாய்மொழிப் பரீட்சைக்குப் பெல்ஜியத்திலிருந்து ஒரு பேராசிரியர் வருகிறார். அவருக்குத் தமிழ் தெரியாது. கல்லூரியில் தமிழ் தெரிந்த ஒரே விரிவுரையாளர் அந்த ஆய்வுக்கு வழிகாட்டியவர், ஆகவே அவர் பேசக் கூடாது. எந்தப் பக்கமும் சாராத, சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளர் ஒருவர் வேண்டும். பதிவாளர் கடிதத்தை என்னிடம் நீட்டினார்.

வீட்டில் என் மனைவி பரீதாவுக்குத் திருப்தியில்லை. "கிறிஸ்தவங்கட பரீட்சைக்கு நீங்க என்னத்துக்கு?"

"கோட்டுல கள்ளன்ட பேச்சயும்தான் நான் சொல்ற. அதால நான் கள்ளனா?"

"அது சரிதான்," என்றாள். "ஆனா கள்ளன்ட பேச்சு உங்களுக்கு விளங்கும். இது விளங்குமா?"

அங்கேதான் என்னைப் பிடித்தாள். ஆய்வின் தலைப்பு, திருச்சபையின் முதல் பதின்மூன்று நூற்றாண்டுகளில் ஒழுக்கப் போதனையும் மகிழ்ச்சித் தேட்டமும். எனக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை. கட்டாகத் தாள்கள் வந்தன. ஒரு வாரம் விடியற்காலைத் தொழுகைக்குப் பிறகு உட்கார்ந்து வாசித்தேன்.

பரீட்சைக்கு முன் சொற்பட்டியல் தயாரிக்க அவரைச் சந்திக்க அனுமதித்தார்கள். பதில்களைப் பற்றிப் பேசக் கூடாது, சொற்களைப் பற்றி மட்டும். சிஸ்டர் லூர்துமேரிக்கு ஐம்பத்திரண்டு வயது. ஹுன்னஸ்கிரியத் தோட்டமொன்றின் லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒற்றையறைக் காம்பராக்களில் ஒன்றில், பிறந்தவர். தாதியாகப் படித்து, தோட்டங்களில் இருபது வருடத்துக்கு மேல் பிரசவம் பார்த்தவர். உயரம் குறைவு, கைகள் பெரியவை.

"வாங்க ஐயா, உக்காருங்க. நம்மளால உங்களுக்கு ரொம்ப சிரமம்."

முதல் சொல்லிலேயே நின்றேன். மகிழ்ச்சிக்கு அவர் ஆய்வு முழுவதும் 'பேறு' என்று எழுதியிருந்தார். "இது பேறுகாலத்துப் பேறு மாதிரி ஈக்கே சிஸ்டர்?"

சிரித்துவிட்டார். "ரெண்டும் ஒண்ணுதாங்க. மலைப்பிரசங்கத்துல 'பேறுபெற்றோர்'னுதான் வருது. அந்தக் காலத்து ஆசிரியர்களுக்குச் சந்தோஷம்னா மனசு குதிக்கிறது இல்லீங்க. ஒரு மனுஷர் எதுக்காகப் பொறந்தாரோ அங்க போய்ச் சேர்றது. மகிழ்ச்சின்னு போட்டா ஐஸ்கிறீம் சாப்பிட்ட மாதிரி ஆயிரும்."

அதற்கு மேல் அவர் சொல்லவும் கூடாது, நான் கேட்கவும் கூடாது. ஆனால் வாசித்ததெல்லாம் அந்த இடத்தில் எனக்குப் பிடிபட்டது. அவர் வாதம் இதுதான்: பழைய ஆசிரியர்கள் ஒழுக்கத்தைச் சொல்லத் தொடங்கியது 'என்ன செய்யக் கூடாது' என்பதிலிருந்து அல்ல, 'மனிதர் எதை நாடுகிறார்' என்பதிலிருந்து. சட்டம், கட்டளை, கடமை என்பவை முன்வரிசைக்கு வந்தது பிற்காலத்தில். தோட்டங்களுக்கு வந்து சேர்ந்தது அந்தப் பிற்காலப் பாடம். வாழ்நாளெல்லாம் குற்றத்தைத் தேடும் கட்டடத்தில் நின்றவன் நான். யாரும் யாரிடமும் 'நீ எதை நாடினாய்' என்று அங்கே கேட்டதில்லை.

பட்டியலை முடித்தோம். அதில் 'வேட்கை' என்பதற்கு மனித மனத்தின் இயல்பான நாட்டம் என்ற பொருளில் ஆங்கிலச் சொல் போட்டோம். 'ஆசை' என்பதற்குத் தீய இச்சை என்ற பொருளில் வேறு சொல். ஏனென்றால் இரண்டாம் அத்தியாயத்தில், வட ஆபிரிக்காவிலிருந்த ஓர் ஆயர், அதாவது பிஷப், தன் இளமைக் காலத்துத் தடுமாற்றத்தைச் சொன்ன இடத்தில் சிஸ்டர் 'ஆசை' என்றுதான் எழுதியிருந்தார். இருவரும் கையொப்பமிட்டோம். ஒரு பிரதி தலைவருக்கு, ஒரு பிரதி பேராசிரியருக்கு.

பரீட்சை நாள் காலை பத்து மணி. நீளமான மேசை, ஐந்து கதிரை. தலைவர், கல்லூரியின் பீடாதிபதி தந்தை பீரிஸ். சிங்களவர், மெல்லப் பேசுபவர். தொடங்குமுன் என்னிடம் தனியாகச் சொன்னார்: தமிழில் பரீட்சை என்பது இதுதான் முதல் தடவை, சரிவரவில்லை என்றால் அடுத்த தடவை யாரும் கேட்க முடியாது. பெல்ஜியப் பேராசிரியர் வெள்ளைத் தாடிக்காரர். கேள்விகளைக் குறித்து வைத்திருந்த தாளை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. ஆய்வுக்கு வழிகாட்டிய விரிவுரையாளரான தந்தை மூலையில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், நெற்றியெல்லாம் வியர்வை.

முதல் கேள்வி சுலபமாகத்தான் வந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் பெரிய ஆசிரியர் மகிழ்ச்சியைத் தேடி எந்தெந்தக் கதவுகளைத் தட்டிப் பார்க்கிறார்?

சிஸ்டர் விரல் விட்டுச் சொன்னார். செல்வம், மரியாதை, புகழ், அதிகாரம், உடல்நலம், இன்பம். "ஒண்ணொண்ணாத் தட்டிப் பாக்குறாரு ஃபாதர். செல்வம் இன்னொண்ண வாங்கத்தான் உதவும், அதுவே முடிவாகாது. மரியாதை மத்தவங்க குடுக்கிறது, அவங்களே திருப்பி எடுத்துக்கலாம். அதிகாரத்த வச்சு நல்லதும் செய்யலாம், கெட்டதும் செய்யலாம். கடைசியில, படைக்கப்பட்ட எதுலயும் அது முழுசா இல்ல, கடவுள்கிட்டதான் இருக்குன்னு வந்து நிக்கிறாரு."

பேராசிரியர் தலையசைத்தார். "சரி. அப்படியானால் அந்த வழியில் மனிதரை நடத்துவது எது? கட்டளையா?"

"இல்ல ஃபாதர்," என்றார் சிஸ்டர். அவர் குரல் உயர்ந்தது. "ஆசைதான். மனுஷரக் கடவுள்கிட்ட கொண்டு போறது ஆசைதான்."

நான் வாயைத் திறந்தேன். மூடினேன்.

பட்டியல் எனக்கு முன்னால் இருந்தது. பட்டியல்படி நான் சொல்ல வேண்டியது: 'மனிதரைக் கடவுளிடம் கொண்டு செல்வது தீய இச்சைதான்.' சொன்னால் அந்த இடத்திலேயே அவர் பரீட்சை முடிந்துவிடும். 'வேட்கை' என்று அவர் சொன்னதாகப் பாவித்து நல்ல சொல்லைப் போட்டால் தப்பித்துவிடுவார். அப்படிப் போட எனக்கு எவ்வளவு விருப்பமாக இருந்தது தெரியுமா? ஒரே ஒரு சொல். அந்த அறையில் தமிழும் ஆங்கிலமும் நன்றாகத் தெரிந்தவர் என்னைத் தவிர அந்த மூலைத் தந்தை மட்டும்தான். அவரும் பேசக் கூடாதவர். ஆனால் அப்படிப் போட்டால் பாஸாவது நஸீர், சிஸ்டர் அல்ல.

எழுந்து நின்றேன். "மொழிபெயர்ப்பாளர் அனுமதி கேட்கிறார்."

பேராசிரியரின் புருவம் உயர்ந்தது. "என்ன பிரச்சினை?"

"பரீட்சார்த்தி சொன்ன சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று உங்கள் கேள்விக்குப் பொருத்தமானது. மற்றது அதற்கு நேர்மாறானது."

"பட்டியலில் இருக்கிறதே?"

"இருக்கிறது. பட்டியலில் இருப்பது அத்தியாயத்தில் எழுதிய சொல். இப்போது வந்தது வாயில் வந்த சொல். இரண்டும் ஒன்றுதானா என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது."

"நீங்கள் தமிழர்தானே? உங்கள் மொழிச் சொல் உங்களுக்குத் தெரியாதா?" அவர் குரலில் எரிச்சல் தெரிந்தது. பிறகு தலைவர் பக்கம் திரும்பினார். "இப்போது அவரிடம் கேட்பது அவருக்கு உதவி செய்வதாகும்."

தந்தை பீரிஸ் சொற்பட்டியலை எடுத்து ஒருமுறை பார்த்தார். மூளையில்லாதவன் என்று நினைக்கட்டும் என்று என் வாய்க்குள் சொல்லிக்கொண்டேன்.

"மொழிபெயர்ப்பாளர் எங்களிடம் சொன்னதை அப்படியே பரீட்சார்த்தியிடம் சொல்லட்டும்," என்றார் கடைசியில். "ஒரு சொல் கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். அவர் சொல்வது அவர் பாடு."

சொன்னேன். சிஸ்டர் என்னைப் பார்த்தார். முகம் சிவந்தது. எழுதியதும் பேசியதும் முட்டிக்கொண்டதை அந்த நொடியில்தான் கண்டிருப்பார். 'மன்னிக்கணும், வேட்கைன்னு சொல்ல வந்தேன்' என்று அவர் சொன்னாலே போதும், காரியம் முடிந்தது. நான் அதைத்தான் எதிர்பார்த்தேன்.

"நான் ஆசைன்னுதான் சொன்னேன் ஃபாதர். மாத்த மாட்டேன்," என்றார்.

மூலையிலிருந்த தந்தை கண்ணை மூடிக்கொண்டார்.

"புத்தகத்துல எழுதுறப்ப நல்லதுக்கு ஒரு சொல்லு, கெட்டதுக்கு ஒரு சொல்லுன்னு பிரிச்சு வச்சேன். இப்பத்தான் தெரியுது, அது என்னோட தப்பு. எங்க தோட்டத்துல ஒரே சொல்லுதான். காய்ச்சல்ல கெடக்கிற புள்ளைக்கு அம்மா சொல்லுவா, 'ஆசையா செஞ்சேன், ஒரு வாய் சாப்பிடு'ன்னு. அதே வீட்டுல அப்பனுக்குச் சாராயத்து மேல ஆசை. ஒரே காம்பரா, ஒரே சொல்லு. ஏன்னா மனசு ஒண்ணுதான் ஃபாதர். நல்ல ஆசைக்கு ஒரு மனசு, கெட்ட ஆசைக்கு ஒரு மனசுன்னு கடவுள் ரெண்டா படைக்கல. அந்த வட ஆபிரிக்க ஆயரும் அதத்தான் சொல்றாரு. அன்பு ஒண்ணு. அது எது மேல போய் உக்காருது, எத முன்னால வைக்குது, எதப் பின்னால வைக்குதுங்கிறதுலதான் நல்லது கெட்டது. அவரு சின்ன வயசுல தடுமாறுனாரே, அந்த ஆசையப் புடுங்கி எறிஞ்சுட்டு வேற ஆசையோடவா கடவுள்கிட்ட வந்தாரு? அதே ஆசைதான். வழிதான் திரும்புச்சு."

நான் மொழிபெயர்த்தேன். 'ஆசை' என்ற சொல்லை மட்டும் ஆங்கிலமாக்கவில்லை, தமிழிலேயே விட்டேன். ஒவ்வொரு தடவையும் 'ஆசை', 'ஆசை' என்றே சொல்லிக்கொண்டு போனேன். மூன்றாவது தடவை பேராசிரியர் கையிலிருந்த பென்சிலை மேசையில் வைத்துவிட்டார்.

"தொடருங்கள்," என்றார். "ஆனால் இந்த ஆ... ஆசாய் சுயநலம் இல்லையா? ஒழுக்கமே என் மகிழ்ச்சியிலிருந்து தொடங்கினால், நான் எல்லாவற்றையும் எனக்காகத்தானே செய்கிறேன்?"

அந்தக் கேள்விக்காகத்தான் சிஸ்டர் காத்திருந்தார் என்று இப்போது நினைக்கிறேன். கதிரையில் முன்னுக்கு வந்தார்.

"ஃபாதர், நான் பேறுகாலம் பாக்குறவ. லயத்துல ஒருத்திக்கு வலி வந்துருச்சுன்னா பக்கத்துக் காம்பராவுல ஒருத்தருக்கும் சோறு இறங்காது. புள்ள அழுத சத்தம் கேட்டதும் பத்துக் காம்பராவும் சிரிக்கும். அந்தச் சந்தோஷம் யாரோடது? பெத்தவளோடது மட்டுமா? தனியா அனுபவிக்கிறது சந்தோஷத்துல பாதிகூட இல்லைன்னு பழைய ஆசிரியர்களுக்குத் தெரியும். அதனாலதான் இந்த உலகத்துச் சந்தோஷத்துக்குச் சிநேகிதங்க வேணும்னு அந்தப் பதின்மூணாம் நூற்றாண்டு ஆசிரியர் எழுதுறாரு."

தந்தை பீரிஸ் அதுவரை ஒன்றும் கேட்காதவர், இப்போது கேட்டார். "முழுமையான மகிழ்ச்சி மறுமையில்தான் என்கிறாரே அதே ஆசிரியர். கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணுக்கு, பொறுத்துக்கொள், எல்லாம் அங்கே கிடைக்கும் என்பதுதானா உங்கள் செய்தி?"

"அப்பிடித்தான் எங்க அம்மாவுக்குச் சொன்னாங்க ஃபாதர்," என்றார் சிஸ்டர். "பாடத்துல பாதிய மட்டும் சொன்னாங்க. முழுசானது அங்கதான். ஆனா இங்கயும் ஒண்ணு உண்டு, கொறையுள்ளது, ஆனா நெசமானது. அதுக்கு ஒடம்பு நல்லா இருக்கணும், சாப்பாடு வேணும், கூட நிக்க ஆளு வேணும்னு அவரே சொல்றாரு. அதெல்லாம் குடுக்காம, பொறுமையா இருன்னு மட்டும் சொன்னவங்க அவரு பேர வச்சு வேற பாடம் நடத்தியிருக்காங்க."

கடைசி வாக்கியத்தை நான் ஆங்கிலத்தில் சொன்னபோது பேராசிரியர் சத்தமாகச் சிரித்தார். அது கிண்டல் இல்லை. சதுரங்கத்தில் நல்ல நகர்த்தலைக் கண்டவரின் சிரிப்பு. அதன் பிறகு அவர் கேட்டவை பரீட்சைக் கேள்விகள்போலவே இல்லை. தனக்குத் தெரியாததை ஒருவர் கேட்பதுபோலக் கேட்டார்.

எங்களை வெளியே அனுப்பிக் கால் மணி நேரம் பேசினார்கள். திரும்பக் கூப்பிட்டு, தந்தை பீரிஸ் எழுந்து நின்று ஆங்கிலத்தில் அறிவித்தார். மொழிபெயர்ப்பாளர் எப்போதும் பேசுபவரின் 'நான்' ஆகத்தான் பேச வேண்டும். எத்தனையோ தண்டனைகளை நான் அப்படிச் சொல்லியிருக்கிறேன்: 'உமக்கு ஏழு வருடம் விதிக்கிறேன்' என்று, எனக்குச் சம்பந்தமில்லாத வாயால். அன்று சொன்னேன்: "சிஸ்டர் லூர்துமேரி, நீங்கள் அதியுயர் சித்தி பெற்றிருக்கிறீர்கள் என்பதை நான் மகிழ்ச்சியோடு அறிவிக்கிறேன்." அந்த 'நான்' தந்தை பீரிஸாகவும் இருந்தது, நஸீராகவும் இருந்தது. பரமேஸ்வரி மிஸ் இருந்திருந்தால் அதற்கும் ஒரு துண்டு எழுதியிருப்பார்.

தமிழில் பரீட்சை எழுதும் அனுமதி அன்றோடு நிலையானது. நான் ஓய்வுபெறுமுன் இன்னும் நான்கு பேருக்கு அங்கே போய் மொழிபெயர்த்தேன். நாலாவது பரீட்சையில் கேள்வி கேட்கும் பக்கத்துக் கதிரையில் சிஸ்டர் லூர்துமேரி உட்கார்ந்திருந்தார். 'ஆசை' அந்தக் கல்லூரிச் சொற்பட்டியலில் இப்போது மொழிபெயர்க்கப்படாமல் அப்படியே இருக்கிறது.

ஆனால் அந்த நாள் அறைக்குள் முடியவில்லை. கதவைத் திறந்து வெளியே வந்தால், நடையில் பதினைந்து இருபது பெண்கள் நிற்கிறார்கள். சிஸ்டர் பிறந்த தோட்டத்துப் பெண்கள். விடியற்காலை பஸ் எடுத்து, கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில் இறங்கி, இன்னொரு பஸ் பிடித்து வந்திருக்கிறார்கள். பாதிப் பேர் மாதா கோயிலுக்குப் போகிறவர்கள், பாதிப் பேர் மாரியம்மன் கோயிலுக்கு. அவர்கள் வருவார்கள் என்று சிஸ்டருக்கே தெரியாது. உள்ளே தலைவரோடு அவர் நிற்க, நான்தான் முதலில் அகப்பட்டேன்.

"ஐயா, நீங்கதானே உள்ள பேசுனவரு? வெள்ளக்கார ஃபாதர் என்னா கேட்டாரு?" என்றார் முன்னால் நின்ற பெண், ராக்கம்மா என்று பெயர்.

"சந்தோஷம் எங்க ஈக்குன்னு கேட்டார்."

"அதுக்கா இம்புட்டு நேரம்?"

எல்லோரும் சிரித்தார்கள். ராக்கம்மா சிரிக்கவில்லை. "நம்ம சிஸ்டர் நல்லா பேசுனாங்களா?"

மொழிபெயர்ப்பாளர் நடையில் நின்று அபிப்பிராயம் சொல்லக் கூடாது. வழக்காளியின் சொந்தக்காரர் காலில் விழுந்து கேட்டாலும் கூடாது. இருபத்தொன்பது வருடம் நான் சொன்னதில்லை.

"பெரிய பெரிய சட்டத்தரணிகள் பேசக் கேட்டவன் நான்," என்றேன். "உங்கட சிஸ்டர் மாதிரி ஒருத்தரும் பேசல. முதலாவதாப் பாஸ்."

ராக்கம்மா கையை வாயருகே வைத்து ஒரு குலவை போட்டார். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். தடித்த சுவர், உயர்ந்த கூரை, யாரும் குரல் உயர்த்தாத அந்தக் கல்லூரி நடை அதிர்ந்தது. கதவுகள் திறந்தன. மாணவர்கள் எட்டிப் பார்த்தார்கள். சிஸ்டர் வெளியே வந்து அவர்களைக் கண்டு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அவருக்குப் பின்னால் பெல்ஜியப் பேராசிரியர் ஓடி வந்தார், என்ன ஆபத்தோ என்று.

"இது என்ன சத்தம்?"

சொன்னேன். பிள்ளை பிறந்தால், கல்யாணம் நடந்தால், சாமி புறப்பட்டால் பெண்கள் போடுவது. அவர் கண்ணை இடுக்கிக் கவனமாகக் கேட்டார். பிறகு, பத்து நிமிடத்துக்கு முன் தீர்ப்பெழுதிய அந்த மனிதர், வாயைக் குவித்துத் தானும் முயன்று பார்த்தார். காற்றுத்தான் வந்தது. பெண்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள்.

ராக்கம்மா அவர் முன்னால் போய் நின்று, வாயைத் திறந்து காட்டினார். "அப்பிடி இல்லீங்க ஃபாதர். நாக்க இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டணும். வெக்கப்படாம."

நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன், ஒரு சொல் கூட்டாமல், குறைக்காமல். இரண்டாம் முறை அவருக்கு வந்தது.